விரலுக்கு வலிக்காத கட்டை

பிள்ளைகள் மாட்டி அடுக்கி விளையாடுகிற சீனாக் கட்டை வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் இருக்கிற படத்தை நம்பாதீர்கள். படத்தில் கப்பல் இருக்கும், போலீஸ் ஸ்டேஷன் இருக்கும், கொடி பறக்கும். உள்ளே இருப்பதைக் கொட்டி அடுக்கினால் கப்பலுக்கு மூக்கு இருக்காது. பெட்டியை உலுக்கிப் பாருங்கள், பாதி காற்றாகத்தான் இருக்கும். மோந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பிசிறு கிழிக்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று கூடக்குறைய இருந்தாலும் போகட்டும் என்று விடலாம். விடவே கூடாதது ஒன்று இருக்கிறது. கடைக்காரரிடம் பிரித்துத் தரச் சொல்லி, இரண்டு கட்டையை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். மேல்கட்டையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். கீழ்க்கட்டையும் கூடவே வர வேண்டும், உதறினாலும் விழக் கூடாது. பிறகு இரண்டையும் பிரியுங்கள். விரல் கொஞ்சமாவது நோக வேண்டும். நோகாமல் வந்தால் அது கட்டை இல்லை, குப்பை.

எனக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளையில்லாதவளுக்கு விளையாட்டுச் சாமானில் இம்புட்டு ஞானம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் தெருவில் என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். பேசுகிற வாய் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எங்க வீட்டுக்காரர் டாஃபர். அந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூற்கிற ஃப்ரேமில் வரிசையாகக் கம்பிகள் நிற்கும். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு குழல் செருகியிருக்கும். குழலில் நூல் சுற்றி நிறைந்ததும் மேஸ்திரி விசில் ஊதுவார், மிஷின் நிற்கும். நாலு பேர் கொண்ட கேங்க் பாய்ந்து போய், நிறைந்த குழலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலிக் குழலைக் கம்பியில் அழுத்திச் செருகிக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கு இவ்வளவு கம்பி என்று கணக்கு. ஒருத்தன் பிந்தினால் மிச்ச மூன்று பேரும் மிஷினும் சும்மா நிற்க வேண்டும். எங்க வீட்டுக்காரர் பிந்தியதே இல்லை. அவர் கை போகிற வேகத்தில் விரலைத் தனியாகப் பார்க்க முடியாது என்று கேங்க்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கரண்டி கூட இறங்கும்.

அந்தக் கைதான் போனது. பல் சக்கர மூடி திறந்து கிடந்ததைக் கவனிக்காமல், சிக்கியிருந்த பஞ்சுப் பிசிறை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சக்கரத்துக்குள் போய்விட்டன. மதுரை ஆஸ்பத்திரியில் விரல்களை எடுக்காமல் தைத்துக் காப்பாற்றினார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் கட்டுப் பிரித்தபோது அந்த இரண்டு விரலும் பார்க்க விரல், பிடிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது.

மில்லில் மூன்று மாசம் லீவு கொடுத்தார்கள். மூன்று மாசம் கழித்து வந்து ஒரு ஃப்ரேம் டாஃப் எடுத்துக் காட்ட வேண்டும். கேங்கோடு சேர்ந்து கை ஓடினால் வேலை, ஓடாவிட்டால் கணக்கு முடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். நான் அப்போது தளவாய்புரத்துக்காரர்களுக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் வருவது மளிகைக்கே முக்கும். ஆனால் எனக்குப் பயம் காசைப் பற்றி இல்லை. மில் சங்குச் சத்தம் கேட்டால் சட்டையைத் தேடுகிற மனுசன் அவர். அந்த மில்லுக்கு வெளியே அவருக்கு என்ன பேர் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் சின்ன வயசு, நல்ல பிள்ளை. "பந்தை அமுக்குங்க, துணி மாட்டுற கிளிப்பை அமுக்கி விடுங்க. உங்க வேலை பிடுங்குறதும் செருகுறதும்தானே? பிள்ளைங்க விளையாடுற பிளாஸ்டிக் கட்டை ஒரு செட் வாங்கிக்கங்க. தினமும் மாட்டி மாட்டிப் பிரிங்க. நல்லாப் பிடிப்பு இருக்குறதாப் பாத்து வாங்கணும்" என்றாள். கடைசியில் அவள் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. மண்டையில் தங்கவில்லை. பாழாய்ப்போன மண்டை.

ராஜபாளையத்தில் வாங்கினால் மில்லுக்குத் தெரிந்துவிடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். தேரடிப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் அசல் ஃபாரின் செட் ஒன்று பூட்டி வைத்திருந்தார்கள். அது விற்பதற்கு இல்லை, பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு. சீனாச் சாமான் மெட்ராஸிலிருந்து மூட்டையாக வரும் என்றும், அதே அளவு, மாட்டுவதற்கு மேலே அதே மொட்டு, அதே கலர், அசலோடு சேர்த்து வைத்தால் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது என்றும் கடை அண்ணாச்சி சொன்னார். நல்ல மனுசன். பேச்சோடு பேச்சாக, "நீங்க ராஜபாளையமா? எங்க மாப்பிள்ளை அங்க மில்லுலதான் டைம் ஆபீஸ்ல இருக்காரு" என்று மில்லின் பேரைச் சொன்னார்.

அதே மில். ஒரு சின்னக் கட்டையைப் பிரிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்து பழகுகிறார் என்கிற சேதி டைம் ஆபீஸுக்குப் போனால், டெஸ்ட் வைக்காமலே முடித்துவிடுவார்கள்.

"யாருக்குத் தாயி, பிள்ளைக்கா? எத்தன வயசு?" என்றார் அண்ணாச்சி.

"அஞ்சு" என்றேன். இல்லாத பிள்ளைக்கு வயசு சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கட்டைகளைக் கொண்டுவந்தார். "அஞ்சு வயசுக்கு இதுதான் சரி. விரலுக்கு வலிக்காது" என்றார். விரலுக்கு வலிக்காது! அந்த ஒரு வார்த்தைக்கே நான் விழுந்துவிட்டேன். மூன்று வாரமாக வலியில் பல்லைக் கடிக்கிற மனுசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் வலிக்காது என்று சொன்னால் எதையும் வாங்குவாள். ஆண்டாள் சந்நிதிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் அந்த மெத்துக் கட்டையே அவருக்கு வரவில்லை. அழுத்த முடிந்தது, பிடுங்க முடியவில்லை. நெற்றி வேர்த்தது. ஒன்றைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். நான் குனிந்து பொறுக்கி வந்து மறுபடி கையில் கொடுத்தேன். மறுபடி எறிந்தார். "இன்னொரு தடவ எறிஞ்சா நானும் ஒங்களத் தூக்கி எறிஞ்சிருவேன்" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார். அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஒரு நீளப் பலகையில் கட்டைகளை வரிசையாகப் பசை போட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு கட்டையை மாட்டினால் ஃப்ரேம் மாதிரி ஆகிவிட்டது. நான் கத்தரிக்கோலால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவேன், அதுதான் விசில். அவர் பாய்ந்து போய்ப் பிடுங்கிப் போட்டு, வேறு கட்டையைச் செருகிக்கொண்டே போவார். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை, அடுப்புத்தான் கடிகாரம். முதல் வாரம் உலையில் சோறு பொங்கி வடிக்கிற வரைக்கும் ஒரு வரிசை ஆனது. அடுத்த மாசம் பால் பொங்குவதற்குள் முடித்தார். அதற்கும் பிறகு, தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் வரிசை முடிந்து, "ஏட்டி, அடுத்த விசில ஊது" என்று சத்தம் வரும். நான் கரண்டியும் கையுமாக ஓடி வந்து பார்ப்பேன்.

இதில் ஒன்றை மட்டும் நாங்கள் இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்தோம். அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தினம் காலையில் என் முன்னால் வந்து நிற்பார், நான் போட்டுவிடுவேன். "பட்டன் வேற, டாஃப் வேற" என்பார். "அதான, ரெண்டும் ஒண்ணா?" என்பேன்.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. பலகையை இன்னும் நீளமாக்க வேண்டும், இன்னொரு பை கட்டை வாங்கி வா என்றார். "அப்பிடியே மேஸ்திரிக்கும் கேங்க்குக்கும் பால்கோவா வாங்கிட்டு வா. திரும்பச் சேரும்போது வெறுங்கையோடயா போறது?" என்றார். சந்தோசமாகப் போனேன்.

அண்ணாச்சி என்னை அடையாளம் வைத்திருந்தார். "என்ன தாயி, பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சோ?" என்றார். அந்தப் பை தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இதுவும் சீனாதான். செத்த டைட்டா இருக்கும். ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைக எடுக்கிறது."

இரண்டு கட்டையை மாட்டிக் கையில் கொடுத்தார். நான் பிரித்தேன். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினேன், விரல் நுனி சிவந்த பிறகுதான் விட்டது.

"போன தடவ வாங்குனது இப்பிடி இல்லையே அண்ணாச்சி?"

"அதுவா? அது அஞ்சு வயசுப் பிள்ளைன்னு சொன்னீகளேன்னு மெத்துன்னு உள்ளதாப் பாத்துக் குடுத்தேன். அது மாட்டி மாட்டிக் கழட்டுனா ரெண்டு மாசத்துல லொடலொடன்னு ஆயிரும் தாயி. ஊதுனாக் கழண்டு வந்துரும். அதான் வெலையும் கம்மி."

நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேணுமா என்று கேட்டார். சோறு, பால், தோசை என்று நான் எண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் அவர் கையைப் பற்றியது இல்லை. கையில் பலம் ஏறவில்லை, கட்டைதான் தேய்ந்து லேசாகியிருக்கிறது. நான் வாயைத் திறந்து, என் புருசனுக்கு, அடிபட்ட கைக்கு என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த மனுசன் அன்றைக்கே இந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருப்பார். ஆஸ்பத்திரிப் பெண் பிடிப்பு இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். மூன்று மாசம். அந்த மூன்று மாசத்தை நான் ஒரு பொய்யால் தின்றிருக்கிறேன்.

பெட்டியையும் வாங்கினேன், பால்கோவாவையும் வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் இருக்கிறதே, மில்லில் கெஞ்சிக் கேட்டு இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்றெல்லாம் யோசித்தேன். வீட்டு வாசலில் அவர் மில் டிரவுசரைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் பிழிந்து, பல்லால் கிளிப்பைக் கடித்து மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கிட்டியா?" என்றார். முகத்தில் அம்புட்டு வெளிச்சம்.

"ஸ்டாக் இல்லையாம்" என்றேன். பெட்டியை நைட்டித் துணி மூட்டைக்குள் செருகினேன்.

அந்த ஒரு வாரத்தில் தினமும் ஒரு தடவையாவது "ஏங்க" என்று ஆரம்பித்தேன். "என்ன பிள்ள?" என்பார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்பேன். மில் கம்பியில் குழல் ஒருவேளை இதைவிட லேசாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பழகிய கை, சமாளித்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லிப் பழகினவளுக்குத் தனக்கே சொல்லிக்கொள்வது பெரிய காரியமா? உண்மையைச் சொன்னால் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். அதுக்கு எனக்குத் துப்பில்லை. அவ்வளவுதான்.

டெஸ்ட் அன்று காலையில் வழக்கம் போல என் முன்னால் வந்து நின்றார். பொத்தானைப் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தான் என் கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. "நான் போறதுக்கு நீ ஏண்டி பயப்படுற?" என்று சிரித்துவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரே சொன்னார். விசில் ஊதியதும் முதல் நாலைந்து குழல் வந்ததாம். அப்புறம் விரல் பிடிக்கவில்லை, குழல் கம்பியை விட்டு வரவே இல்லை. இடது கையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை முடித்துவிட்டு, இவர் பங்குக்குள் வந்து பிடுங்க ஆரம்பித்திருக்கிறார்கள். மேஸ்திரி நல்லவர், திட்டவில்லை. மணியைப் பார்த்துவிட்டு, "ஆபீஸுக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போயிருக்கிறார்.

"பால்கோவா?" என்று கேட்டேன். என் வாயில் வேறு என்ன வரும்?

"கேங்க்ல குடுத்துட்டேன். தின்னானுங்க, பாவம். என் மொகத்தப் பாக்காமத் தின்னானுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "கையில ஒண்ணுமில்ல பிள்ள. பயம். விசில் சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். அந்தச் சக்கரம் ஞாபகம் வந்துருச்சு. வீட்ல எம்புட்டு வேகமா வந்துச்சு, நீ பாத்தேல்ல?" என்றார்.

"ஆமா. பாத்தேன்" என்றேன்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அடித்துக்கூட இருப்பார், தேவலை. பயந்தவன் என்கிற பேராவது அவருக்கு இல்லாமல் போயிருக்கும். நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட் ஒன்றில் வேலைக்குப் போனார். கேட்கிறவர்களிடமெல்லாம், "எனக்குக் கையெல்லாம் சரியாப் போச்சு. மனசுல தைரியம் இல்ல" என்று தானாகவே சொல்லுவார். டீக்கடையில் சொல்லுவார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லுவார். சின்னப் பயல்கள்கூட அவர் பின்னால் விசில் அடித்துவிட்டு ஓடினார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் ஒருத்தனை விளக்குமாற்றோடு விரட்டினேன். விரட்டி என்ன? அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

ஒன்றரை வருசம் அப்படியே ஓடியது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தோம். நான் வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே டிரங்குப் பெட்டியை இறக்கினார். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தால், துணி மூட்டையிலிருந்து டிரங்குக்குள் நான் மாற்றி ஒளித்து வைத்திருந்த அந்தக் கட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கட்டையை ஒன்றாக மாட்டியிருந்தார். பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை நரம்பெல்லாம் புடைத்து நின்றது. கட்டை அசையவில்லை.

அங்கே விசில் இல்லை, மேஸ்திரி இல்லை, சக்கரமும் இல்லை.

கட்டையை என்னிடம் நீட்டினார். "நீ பிரி" என்றார். சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நான் பிரித்தேன். நகம் வலித்தது, ஆனால் வந்துவிட்டது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வாங்குன?"

இன்னொரு பொய் அப்போதும் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்ல முடியவில்லை. "பால்கோவா வாங்கப் போன அன்னைக்கு" என்றேன். அண்ணாச்சி கேட்டதையும், நான் அஞ்சு வயசு என்று சொன்னதையும், பழைய கட்டை தேய்ந்து லொடலொடத்துப் போனதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கட்டைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடியைச் சாத்தினார். எழுந்து போய் டிரங்குப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுவதும் வெள்ளையடித்தார்.

அதன் பிறகு பயம் என்கிற வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "கை போயிருச்சு" என்பார், அதோடு சரி. என்னைத் திட்டவில்லை, கை நீட்டவில்லை. வைத்த சோற்றைச் சாப்பிட்டார். ஆனால் மறுநாள் காலையில் பொத்தான் போட அவர் என் முன்னால் வந்து நிற்கவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது சட்டையை நெஞ்சுக்கு நேரே இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டிருந்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான் போனார்.